ராணியண்ணன் நடை

எங்கள் ஆம்பூரில் அந்தக் காலத்துப் பேரழகிகளில் முதல் இடம் ஓர் ஆண்பிள்ளைக்குத்தான். இரண்டாம் இடம் காலியாகவே கிடந்தது. மூன்றாம் இடத்திலிருந்துதான் பெண்கள் ஆரம்பித்தார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அன்றைக்கு ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் கூலிக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்த எனக்கே அது மறந்துவிட்டது. ஊருக்கு அவர் ராணியண்ணன். பகலில் ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுவார். சனிக்கிழமையானால் எங்கள் நாடக சபாவில் ராணி. எந்த நாடகமானாலும் அவர்தான் ராணி. ராணி இல்லாத கதையை எங்கள் நாடக வாத்தியார் தொடவே மாட்டார். பக்கப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே கிட்டத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். முழங்கை வரை பட்டைச் சாயம் ஏறிய அந்தக் கைகளுக்கு மட்டுமே டப்பா டப்பாவாக முத்துவெள்ளை அரிதாரம் பூச வேண்டும். தோல் வாடை என்ன செய்தாலும் போகாது. ஊர் முழுக்க அதே வாடை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மனிதருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சோற்றைக்கூட நடந்துகொண்டே தின்பார். வேலை விட்டதும் தெருத் தெருவாகச் சுற்றிப் பெண்களின் நடையைத் திருத்துவார்.

“ஏம்மா கனகா, இன்னா நடை இது? தண்ணி கொண்டாறியா, தேர் இழுக்கிறியா? தோள எறக்கு. பாதத்தப் பாத்து நட.”

வேறு ஆண்பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் குடம் அவன் தலையில் உடைந்திருக்கும். கனகாவோ, “இருங்கண்ணே” என்று கிணற்றடிக்குத் திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து நடந்து காட்டுவாள். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பூக்காரிக்கு முன்னால் ராணியண்ணனுக்கு ஆள் போகும். கொண்டை எவ்வளவு உயரம், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் கண்ணை எவ்வளவு தாழ்த்துவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம்.

அழகைப் பற்றி அவரிடம் ஒரு சரித்திரமே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வேலூர்க் கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். கோயில் மண்டபத்துத் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“பாத்தியாடா? ராஜாங்க காலத்துல இடுப்புதான் அழகு. ரவிக்கையும் கெடையாது, வெக்கமும் கெடையாது. எனக்கு ராணி வேஷம் கத்துக்குடுத்த எங்க குரு காலத்துல இடுப்பு போச்சு, புல்லாக்கு வந்துச்சு. வாயையே மூடிடும், அத்தாம் பெருசு. அப்புறம் நான் வந்தேன். படக்கடைல தொங்குற லச்சுமி படம் மாதிரி கொசுவம் வச்சேன். மிஷன் தொரசானி அம்மா மாதிரி லேஸ் வச்ச ஜாக்கெட்டு போட்டேன். குரு ஒரு மாசம் எங்கூடப் பேசல!”

“இப்ப எதுண்ணே அழகு?”

“இப்ப நான்தான்டா.”

ஒரு தூணில் ஒற்றைக் காலில் சாய்ந்து, இடுப்பை ஒடித்து நின்ற கல் அம்மணியை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. “இப்டி எவளாவது நிப்பாளா? செதுக்கினவனுக்குப் பழக்கம் பத்தல” என்று கண்டித்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

அப்படி இருக்கையில் வந்து சேர்ந்தது வினை. நாடக வாத்தியார் வேலூர் டெண்டுக் கொட்டகையில் பயாஸ்கோப்பு பார்த்துவிட்டு வந்தார். “ஜனம் அலைமோதுதுய்யா! இன்னான்னு பாத்தா, பொம்பள வேஷத்துக்குப் பொம்பளையே வர்றா!” என்று பேயறைந்தவர் போலப் புலம்பினார். அவர் சொல்லியனுப்ப, கொஞ்ச நாளில் சித்தூர்ப் பக்கமிருந்து ஆனந்தவல்லி என்கிற நடிகை வந்து இறங்கினாள். கையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. புருஷன் எங்கே என்றதற்கு, “இருக்கான் எங்கியோ” என்றாள். சனிக்கிழமை ஜனம் ஏற்றுக்கொண்டால் சபாவில் இடம், இல்லையென்றால் அடுத்த ரயில் என்று வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ரயில் அவளை எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவளுக்கே தெரியாது.

இதில் ஒரு கொடுமை, அவளுக்கு ராணி நடை சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு ராணியண்ணன் தலையிலேயே விழுந்தது.

“என் எடத்துக்கு வர்றவளுக்கு நானே பாய் விரிக்கணுமா? இன்னா பேஜாரு வாத்யாரே இது!” என்று குதித்தார். ஆனாலும் ஒரு பெண் தப்பாக நடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாதே! மறுநாளே ஒத்திகைக்கு வந்துவிட்டார்.

ஆனந்தவல்லி நடப்பாள். இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

“ஐயோ, இவளுக்குப் பொம்பளையா இருக்கவே தெரியலியே!”

“பொறந்ததுலேர்ந்து அப்டித்தாண்ணே இருக்கேன்.”

“பொறந்தா மட்டும் போதுமா? பழக வேணாம்?”

வெள்ளிக்கிழமை ஒத்திகையின் நடுவில் குழந்தை அழுதது. ஆனந்தவல்லி ராணியின் வசனத்தைப் பாதியில் விட்டாள். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தாள். குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டு, பாலில் தண்ணீர் கலந்த பால்காரனை வாசலில் நின்று தெலுங்கிலும் தமிழிலுமாக வெளுத்து வாங்கினாள். அவன் ஏதோ சமாதானம் சொல்ல, திட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். பிறகு ஒற்றைக் காலில் சாய்ந்து, குழந்தை உட்கார வாகாக இடுப்பை ஒடித்து நின்றுகொண்டாள்.

ராணியண்ணன் என் கையைப் பிடித்துக் கிள்ளினார்.

“டேய், தூணுல நின்னாளே, அவதான்டா இவ! செதுக்கினவன் பாத்திருக்கான்டா! நான் யாரப் பாத்தேன்? எங்க குருவப் பாத்தேன். அவரு அவரோட குருவப் பாத்தாரு. எங்கள்ல ஒருத்தன்கூட ஒரு பொம்பளையப் பாக்கலியேடா!”

அன்று சாயங்காலமே பார்க்கக் கிளம்பிவிட்டார். கிணற்றடியில், கடைவீதியில், மாதா கோயில் வாசலில் என்று நின்று நின்று பெண்களை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷமாக வீட்டுக்குள் வரை போய்க் கொண்டை முடிந்துவிட்ட மனிதரைத் தெருவே துரத்தியது. “இன்னா ராணியண்ணே, வயசான காலத்துல புத்தி கெட்டுப் போச்சா?” என்று கனகா நிஜமாகவே குடத்தைத் தூக்கினாள்.

சனிக்கிழமை படுதா தூக்குவதற்கு முன் ஆனந்தவல்லியைக் கூப்பிட்டார். “நான் சொன்னது அத்தினியும் மறந்துடு. நேத்து வாசல்ல நின்ன மாதிரி நில்லு.”

காணாமல் போன மகனை ராணி காட்டில் தேடுகிற கட்டம். ராணியண்ணன் என்றால் அன்னநடை போட்டுக்கொண்டு தேடுவார். ஆனந்தவல்லி ஓடினாள். புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, மெய்யாகவே தொலைத்தவளைப் போல ஓடினாள்.

“இன்னாடா இது, பொம்பள மாதிரியே இல்லியே!” என்றான் ஒருவன். “ராணியண்ணன வரச்சொல்லு!” என்றான் இன்னொருவன். விசில் பறந்தது. அடுத்தாற்போல் செருப்புப் பறந்தது. தோல் ஊர் அல்லவா, அதற்கென்ன பஞ்சம்? ஆனந்தவல்லி நடு மேடையில் அப்படியே நின்றுவிட்டாள்.

வாத்தியார் பட்டுப் புடவையைக் கொண்டுவந்து ராணியண்ணன் கையில் திணித்தார். “சுத்திக்கினு ஓடுய்யா! உன் எடம் உனக்கே!”

ராணியண்ணன் புடவையை வாங்கிக்கொண்டார்.  அவர் போனால் மறுபடி ராணி. இவள் ரயில் ஏற வேண்டியதுதான். அவர் மேடையைப் பார்த்தார். தகரப் பெட்டியின் மேல் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். புடவையை மடித்து அதன்மேல் போர்த்திவிட்டு, கட்டியிருந்த அழுக்கு வேட்டியோடு, வெள்ளை பூசாத சாயக் கைகளோடு மேடைக்குப் போனார். கைதட்டல் வானத்தைப் பிளந்தது.

“இன்னாங்கடா கூச்சல்?” என்றார். “இத்தினி வருஷமா நான் காட்டுனது எங்க குருவோட நடை. இவ காட்றது உங்க அம்மா நடை. ‘எங்கம்மா அழகில்ல’ன்னு எவனாவது எழுந்து சொல்லு, பாக்கலாம்!”

ஒருவனும் எழுந்திருக்கவில்லை. அவர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் தரையில் உட்கார்ந்துகொண்டு, “நீ ஓடும்மா” என்றார். அவள் ஓடினாள். மகன் கிடைத்து ராணி கதறியபோது செருப்பு வீசியவனும் சேர்ந்து கதறினான். ரயில் பேச்சை வாத்தியார் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை தொட்டியண்டை போய்ப் பார்த்தேன். ராணியண்ணன் இடுப்பளவு பட்டைத் தண்ணீரில் நின்று தோல் புரட்டிக்கொண்டிருந்தார்.

“வருத்தமாண்ணே?”

“ஜாஸ்திதான்டா,” என்றார். “இனிமே சனிக்கெழம வந்தா நான் எங்க போவேன்? ஆனா பாத்தியா நீ, அழும்போது மூக்கச் சிந்தி முந்தானையில தொடச்சா! நான் எத்தினி வருஷம் ராணியா அழுதிருக்கேன். அழுதா மூக்கு ஒழுவும்னு ஒரு தடவையாவது எனக்குத் தோணிச்சா?”

 சொல்லும்போதே அவருக்குக் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. சாயக் கைகளால் முகத்தைத் துடைக்க முடியாமல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். குமாஸ்தாக்கள் தொட்டியில் இறங்குகிற வழக்கம் எங்கள் ஷாப்பில் கிடையாது. நான் இறங்கி, என் மேல்துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். அவர் எனக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.