முதலாளி பெயரில் வந்த நன்றி

"முடி வளர மருந்து, பாதி விலை! அனுப்பினது யாரு? நான்!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார் முதலாளி தொகுஷிகே.

விளக்கு வெளிச்சத்தில் அவருடைய வழுக்கைத் தலை பளபளத்தது. அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் பெயரில்தான், தகமாட்சு உதோன் நூடுல்ஸ் கம்பெனியின் ஊழியர்கள் அத்தனை பேருக்கும் போலி மெயில் வந்திருந்தது. முதலாளியே சொல்லிவிட்டாரே என்று இரண்டு பேர் மருந்துக்கு ஆர்டரே கொடுத்துவிட்டார்கள்.

"நிஷிமோரி! கம்ப்யூட்டரைப் பாத்துக்கிறது நீதானே? இன்னும் ஒரே ஒரு போலி மெயில் என் பேர்ல உள்ள வரட்டும். மறுநாளே நீ பேக்கிங் ஷெட்ல நிப்ப."

"மன்னிக்கணும் முதலாளி." நிஷிமோரி இடுப்பு வலிக்கக் குனிந்தார்.

பேக்கிங் ஷெட் முழுக்க மாவுத் தூசி. நிஷிமோரிக்கோ ஆஸ்துமா. ஐம்பது வயதுக்கு மேல் வேறு கம்பெனியில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? மனிதர் நிஜமாகவே பயந்துபோனார்.

அன்றே ஒரு அனுமதிப் பட்டியல் போட்டார். பட்டியலில் இருக்கும் முகவரியிலிருந்து வந்தால் மெயில் நேராக உள்ளே போகும். இல்லாவிட்டால் வாசலில் நிற்கும். நிஷிமோரி பார்த்து மனது வைத்தால்தான் உண்டு.

மறுநாள் காலை மாவு லாரி வரவில்லை.

"மில்லுக்காரங்க மெயில் மேல மெயில் போட்டாங்களாம். ஒண்ணும் நமக்கு வரலையே?" என்றாள் கணக்குப் பிரிவு கயோ.

"அவங்க பேரு பட்டியல்ல இல்லையேம்மா. சேர்க்கணும்னா விண்ணப்பம் எழுதி, பிரிவுத் தலைவர் முத்திரை, மேலாளர் முத்திரை, கடைசியா முதலாளி முத்திரை வாங்கணும்."

"தலைவர்தான் லீவு போட்டுட்டு வெந்நீர் ஊற்றுல ஊறிக்கிட்டிருக்காரே! அதுவரைக்கும் நூடுல்ஸை எதுல செய்யறது, காத்துலயா?"

நிஷிமோரி முத்திரைக்குக் காத்திருக்காமல் மில்லைச் சேர்த்தார், லாரிக்காரரைச் சேர்த்தார். கை வைத்தது வைத்தாயிற்று என்று இன்னொரு வரியும் சேர்த்தார்: நம் கம்பெனி முகவரி என்றால் சோதனையே வேண்டாம்.

அடுத்த நாள் பிரிவுத் தலைவர் முகவரியிலிருந்து எல்லோருக்கும் மெயில் வந்தது. முடி மருந்து, இப்போது இன்னும் மலிவு.

"வெந்நீர்ல உக்காந்துக்கிட்டு மருந்து விக்கிறாரா மனுஷன்?" என்றாள் கயோ.

நிஷிமோரி தலையில் கைவைத்துக்கொண்டார். பட்டியல் பார்ப்பதெல்லாம் உறையின்மேல் எழுதிய பெயரை மட்டும்தான். எழுதியது யார் கை என்று அதற்கு என்ன தெரியும்? போலிக்காரன் நம் பெயரையே எழுதிக்கொண்டு ஜம்மென்று உள்ளே வந்துவிட்டான். நல்லவேளை, இந்த முறை முதலாளி பெயர் இல்லை.

அந்த வரியை எடுத்தார். முதலாளியின் மெயில் அவர் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் மட்டும் உள்ளே. பட்டியலில் இல்லாத மற்ற எதுவானாலும் வாசலில் நில் என்று இறுக்கிக் கட்டினார். அதன்பிறகு ஒரு போலியும் வரவில்லை. ஒருநாள் முதலாளி அவர் மேசையைத் தாண்டும்போது நின்று, "ம்ம்" என்றார். அந்தக் கம்பெனியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி எங்கோ கிளம்பிப் போனார். நாலு மணிக்கு வாசலில் ஒரு மெயில் வந்து நின்றது. யாருடையது என்றே தெரியாத போன் முகவரி.

'எல்லாரும் வேலையை நிறுத்திட்டு, அஞ்சு மணிக்குத் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற மினாதோயா ஹோட்டலுக்கு வாங்க. எனக்கு போன் பண்ண வேண்டாம். உங்க உழைப்புக்கு ரொம்ப நன்றி. தொகுஷிகே.'

நிஷிமோரி வாய்விட்டுச் சிரித்தார். "கயோ, இங்க வாயேன்! இவனுக்கு நம்ம முதலாளியைப் பத்தி ஒண்ணுமே தெரியல. அஞ்சு மணிக்கே வேலையை நிறுத்தச் சொல்றாராம்!"

கயோ படித்தாள். "நன்றி வேற சொல்றாரு! ஐயோ பாவம், இன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டு எழுதியிருக்கலாம்." கொஞ்சம் யோசித்தாள். "எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே சார்?"

"என்னன்னு கேக்கறது? 'முதலாளி, நீங்க எங்களுக்கு நன்றி சொன்னீங்களா'ன்னா?"

கயோ அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தாள். "வேண்டாம் சார். நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

அவள் போன பிறகு நிஷிமோரி கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. எவனோ ஒரு திருடன் எழுதியதுதான், ஆனாலும் படிக்க நன்றாக இருந்தது. தன்னை நினைத்தே வெட்கமாகவும் இருந்தது. சட்டென்று அழித்துவிட்டார்.

ஐந்தாயிற்று, ஆறாயிற்று. முதலாளி கிளம்பாமல் யாரும் கிளம்புவதில்லை. வெளியே போன முதலாளியோ திரும்பவில்லை. எல்லோரும் ஏற்கெனவே முடித்த வேலையையே மறுபடி செய்துகொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் முதலாளியின் டிரைவர் முரகி. நிறைந்திருந்த மேசைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க இது, எல்லாரும் இங்கயா இருக்கீங்க? அங்க முதலாளி ஆளுக்கொரு முழுச் சங்கரா மீன் சொல்லிட்டு, ஒண்டியா உக்காந்துக்கிட்டிருக்காரு!"

நிஷிமோரி நாற்காலியை விட்டு எழுந்தார். "அந்த மெயில்... அவரே போட்டதா?"

"அவரேதான். திடீர்னு சொல்லி அசத்தணும்னு என் போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாத் தட்டினாரு. அந்த நன்றியை மட்டும் அழிச்சு அழிச்சு எழுதினாரு."

கயோ மெல்லத் திரும்பி நிஷிமோரியைப் பார்த்தாள். அவருக்கு இப்போதே மூச்சு முட்டியது. மாவுத் தூசி மூக்கில் ஏறுவது போலவே இருந்தது.

"என் மேல ரொம்பக் கோபமா இருக்காரா?"

"உங்க மேல என்ன சார் கோபம்? விருந்தே உங்களுக்குத்தான். ஒரு போலி மெயில்கூட உங்களைத் தாண்டி உள்ள வர முடியலையாமே!"