இடைவேளைக்கு அப்புறம்

கதாநாயகன் தாலியைக் கையில் எடுத்தான். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை போடக் கைகள் உயர்ந்தன. அத்தோடு படம் நின்றுவிட்டது.

தீவின் டெய்ரி ஃபார்ம் பேட்டை டூரிங் கொட்டகையில் இப்படி நிற்பது நாலாவது நாள். இருட்டுக்குள்ளிருந்து விசில் கிளம்பியது. ஒருத்தன் தமிழில் திட்டினான், ஒருத்தன் ஹிந்தியில், பின்வரிசையில் ஒரு கிழவர் வங்காளியில். பாஷை எதுவானாலும் எல்லாத் திட்டும் ஆபரேட்டர் சொக்கலிங்கத்தைப் பெற்றவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அவன் கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிக் கிடந்தது. டீசல் குழாய் மூட்டில் ஒரு வாஷர் தேய்ந்து போயிருந்தது. இடைவேளை வரை தாக்குப்பிடிக்கும். இன்ஜின் சூடேறியதும் கசியும், காற்று புகும், நின்றுவிடும். சட்டைப் பொத்தான் அளவு வாஷர், அது படுத்துகிற பாடு இவ்வளவு.

படம் நின்றால் ஊருக்குப் பொழுதுபோக்குதான் போயிற்று. சொக்கலிங்கத்துக்குக் கல்யாணமே போய்விடும் போலிருந்தது. கோவில்பட்டிப் பக்கத்தில் நீலாவதியை அவனுக்கு நிச்சயம் செய்து ஒன்றரை வருஷம். முதல் முகூர்த்தத்துக்கு இவனுக்கு மலேரியா. இரண்டாவதுக்குப் புயல். மூன்றாவது தேதி குறித்த கையோடு மாமனார் கடிதம் போட்டிருந்தார்: இந்த ஆவணியிலும் மாப்பிள்ளை வந்து சேராவிட்டால் பெண்ணை என் அக்காள் மகனுக்குக் கட்டிவைப்பேன், பந்தக்கால் பந்தக்காலாகவே இருக்கட்டும். திங்கட்கிழமை வரும் கப்பல் வியாழன் மாலை நாலு மணிக்கு மெட்ராஸுக்குத் திரும்பும். அதை விட்டால் அடுத்த கப்பல் இருபத்தைந்து நாள் கழித்து. அதற்குள் அக்காள் மகன் மறுவீடே போய்வந்துவிடுவான்.

கொட்டகை முதலாளி ஜெயராமன் மூன்று தலைமுறையாகத் தீவுக்காரர். பாதி தமிழ், பாதி ஹிந்தி, கோபம் வந்தால் முக்கால் ஹிந்தி.

"தேக்கோ சொக்கு, பப்ளிக் நாலு நாளா தாலி கட்டுறதைப் பாக்க வந்து, பாக்காமலே போவுது. திரையில 'சுபம்' விழணும். விழுந்தா உனக்கு சுட்டி, ஊருக்குப் போக லீவு. விழலேன்னா மெயின்லேண்டு பேச்சே எடுக்காதே, சம்ஜா?"

ஜெனரேட்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் படித்துச் சொல்லியிருந்தார். கம்பெனி சாமானைத் தவிர வேறு சாமான் மாட்டினால் கம்பெனி பொறுப்பாகாது என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. கம்பெனி மெட்ராஸில் இருந்தது. எழுதிப்போட்டு, கம்பெனிக்காரன் பார்சல் கட்டி, அது கப்பலேறி வர மூன்று மாதம் ஆகும். கம்பெனியை நம்பினால் பேரன் பேத்தி காலத்தில்தான் தாலி கட்டலாம்.

அதனால் தீவில் எல்லோரும் செய்வதையே சொக்கலிங்கமும் செய்தான். பஜாரில் சண்முகத்தின் பழைய சாமான் கடைக்குப் போனான். யுத்தத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போன லாரி, கரை ஒதுங்கிய படகு, ஓய்ந்துபோன டிராக்டர் எல்லாம் துண்டு துண்டாக அந்தக் கடையில்தான் மோட்சம் அடைந்தன. சண்முகம் சைக்கிள் டியூபில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டிக் கொடுத்தான். டீசலில் ரப்பர் கரைந்துவிடும் என்று சொக்கலிங்கத்துக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் மாட்டினான். கல்யாண அவசரம் அப்படி.

ரப்பர் கரைந்து, டீசல் பீய்ச்சுகிற நாஸிலை அடைத்தது. முன்பு இடைவேளைக்கு அப்புறம் நின்ற படம் இப்போது இடைவேளைக்கு முன்பே நின்றது.

சண்முகம் ஒரு டிராக்டர் நாஸிலை எடுத்துக் கொடுத்தான். மரை சேரவில்லை, சணலைச் சுற்றி இறுக்கினார்கள். ஜெனரேட்டர் தறிகெட்டு ஓடியது. பல்பு இரண்டு வெடித்தன. திரையில் கதாநாயகியின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எலிக்குஞ்சுக் குரலில் கீச்கீச்சென்று உயிரை விட்டார். சாவு சீனில் சனம் உருண்டு புரண்டு சிரித்தது. டிக்கெட் கொடுக்கிற சுப்பம்மாள்கூடச் சிரித்துவிட்டு, சொக்கலிங்கத்தின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓட்டத்தை அடக்க ஒரு படகு இன்ஜின் ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அது அடக்கிய அடக்கில் காதல் பாட்டு ஒப்பாரியாக இழுத்தது. முன்வரிசையில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஒரு சாமான் இன்னொரு சாமானோடு சேர மறுத்தது. ஒன்றைச் சரிக்கட்டப் போட்டது இன்னொன்றைக் கெடுத்தது. நாஸில் ஒரு பக்கம் இழுக்க, ஸ்பிரிங் ஒரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட கம்பெனி டீசல் பம்பு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாலி திரையில் தெரிந்த அதே நொடியில், படீரென்று வெடித்தது.

அன்றைக்கு சொக்கலிங்கம் அழுதான். உடைந்த பம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு சாத்தம் பாலம்வரை நடந்துபோய், நீலாவதியின் பெயரைச் சொல்லிக் கடலில் வீசி எறிந்தான். கம்பெனிக்கு அனுப்பிப் பழுது பார்த்திருக்கலாமே என்று முதலாளி கேட்டபோதுதான் அந்த யோசனையே அவனுக்கு வந்தது.

திங்கட்கிழமை கப்பல் ஊதிக்கொண்டு வந்து சாத்தம் ஜெட்டியில் கட்டியது. செவ்வாய் போயிற்று. சொக்கலிங்கம் சோறு தின்னவில்லை. மாமனாருக்குத் தந்தி எழுதி எழுதிக் கிழித்தான். என்னவென்று எழுதுவது, ஜெனரேட்டர் ஓடவில்லை, ஆகையால் தாலி கட்ட வரவில்லை என்றா?

புதன்கிழமை மத்தியானம் சண்முகம் சாக்குப்பையோடு வந்து நின்றான். உள்ளே ஒரு டீசல் பம்பு. சாம்பல் நிறப் பெயின்ட், அதன்மேல் வெள்ளையில் '2' என்று ஓர் எண். அளவு கச்சிதம், மரை கச்சிதம். இவனுடைய பம்போடு பிறந்தது மாதிரியே இருந்தது.

"ஏது இது?" என்றான் சொக்கலிங்கம்.

"கப்பல்ல வந்துச்சு அண்ணே. ஒரிஜினல்."

"யாரு கொண்டாந்தா? கணக்குப் போட்டா இன்னும் மூணு மாசம் ஆகணுமே."

"அண்ணே, உங்களுக்கு சுபம் விழணுமா, ஜாதகம் பாக்கணுமா?"

சொக்கலிங்கம் ஜாதகம் பார்க்கவில்லை. டிராக்டர் நாஸில், படகு ஸ்பிரிங், சைக்கிள் டியூப், சணல் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தான். பழைய நாஸிலைப் பெட்ரோலில் ஊறவைத்துக் குத்திச் சுத்தம் செய்தான். பழைய ஸ்பிரிங்கையே போட்டான். பம்போடு வந்த செம்பு வாஷரை மூட்டில் வைத்து முறுக்கினான். வெளிச்சாமான் என்று பார்த்தால் அந்தப் பம்பு ஒன்றுதான்.

அன்று மாலை ஆட்டத்தில் ஜெனரேட்டர் முனகக்கூட இல்லை. இடைவேளை வந்தது, போனது. கதாநாயகன் தாலியை எடுத்தான். கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. கட்டினான். முடிச்சு ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த முக்கால் மணி நேரம் யாரும் வெற்றிலை எச்சில் துப்பக்கூட எழுந்திருக்கவில்லை. திரையில் 'சுபம்' விழுந்தபோது வங்காளிக் கிழவர் எழுந்து கும்பிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கப்பல் கலாசி ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெஷின் ரூமுக்கே வந்து சொக்கலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூத்துக்குடிக்காரராம், பெயர் பன்னீர்செல்வம்.

முதலாளி சுட்டி கொடுத்தார். பாயில் சுற்றி ஒரு பட்டு வேட்டியும் கொடுத்தார். பத்து நாள் சிறப்புக் காட்சி என்று தண்டோரா போடச் சொன்னார். மறுநாள் ஆட்டத்துக்கு எதிர்க்கரை பம்புஃப்ளாட்டிலிருந்து சனம் படகேறி வருகிறது என்று சேதி வந்தது. ஜெனரேட்டர் கொட்டடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, வாசலில் கட்டிலையும் இழுத்துப் போட்டார்.

"இனிமே இந்த மெஷின்ல எவனாச்சும் கை வெச்சா, கையை வெட்டிருவேன். உன் கையா இருந்தாலும்."

வியாழக்கிழமை இரண்டு மணிக்கே சொக்கலிங்கம் சாத்தம் ஜெட்டியில் இருந்தான். தகரப் பெட்டி, நீலாவதிக்கு ஒரு சங்கு, மாமனாருக்கு ஒரு படாக் மரத் தடி. நாலு மணி ஆயிற்று. கப்பல் ஊதவில்லை. ஐந்து ஆயிற்று. ஏறுபலகையை இன்னும் இறக்கவில்லை. ஐந்தரைக்குப் போலீஸ்காரர் இருவர் வந்து, கரையில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். சொக்கலிங்கத்தின் பெட்டியையும் கிளறினார்கள். சங்கை ஆட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்கள்.

மேலே கப்பலின் கம்பி ஓரத்தில் பன்னீர்செல்வம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்து கையை ஆட்டினார். நேற்று ஆட்டத்தைப் பற்றி இன்னொரு தரம் புகழ்ந்தார். சொக்கலிங்கம் அதில் எதையும் காதில் வாங்கவில்லை. முகூர்த்தம் ஆறு நாளில், அண்ணாச்சி, கப்பல் ஏன் கிளம்பவில்லை என்று மட்டும் கேட்டான்.

பன்னீர்செல்வம் பீடியைக் கடலில் சுண்டிவிட்டுக் கீழே குனிந்து, ஆறுதலாகச் சொன்னார்:

"கரையில நிக்கையில ஒரு ஜெனரேட்டர் போதும் அண்ணாச்சி, கிளம்பணும்னா ரெண்டும் ஓடணும், ரெண்டாம் நம்பர் மெஷின் டீசல் பம்பை எவனோ களவாணிப்பய கழட்டி வித்துட்டான், சாம்பல் பெயின்ட்டுல வெள்ளையா ரெண்டுன்னு போட்டிருக்கும், அது கெடைக்காம கயித்தை அவுக்க மாட்டேன்னு கேப்டன் உக்காந்துட்டாரு."