கோட்டின் மேல் ஒரு சொல்

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நான் நலமாக இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பதால், 'நலம்' என்று தொடங்க எனக்கு அதிகாரமில்லை. நீங்கள், அண்ணி, குழந்தைகள் நலம்தானே? இந்த மனநல மருத்துவமனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னல் இருக்கிறது, கம்பி இருக்கிறது, நோயாளிகளின் உரிமைகள்கூட இருக்கின்றன. மொத்தம் பதினான்கு. கண்ணாடிச் சட்டம் போட்டு மருந்து அலமாரிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள்.

பதினொரு நாள் தூங்காமல் டெலிபோன் டைரக்டரிக்குப் பிழை திருத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். இருபது வருடம் அச்சகத்தில் அதே வேலை பார்த்தவளுக்கு அது அவ்வளவு பெரிய கிறுக்குத்தனமா என்று இங்கே தினமும் யோசிக்கிறேன். பாதி நாள் 'ஆமாம்' என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இங்கே தினமும் தரும் வெள்ளை மாத்திரையை விழுங்கினால் எழுத்துகள் எறும்பாக ஊர்கின்றன. எழுத்து நிற்காத கண்ணை எந்த அச்சகம் வேலைக்கு வைக்கும்? அதனால் நாலாவது உரிமையைக் கையில் எடுத்தேன்: என் சம்மதமில்லாமல் மருந்து கூடாது. "தாராளமா மறுக்கலாம்மா, அது உங்க உரிமை. முதல்ல முழுங்குங்க, அப்புறம் மறுங்க" என்றார் நர்ஸம்மா. பெரிய டாக்டர் வாசலில் நின்றபடியே, "மறுக்கிறாங்களா? அப்ப இன்னும் தெளியலைன்னு எழுதிக்குங்க" என்றார். சரி என்று விழுங்கிய பக்கத்துக் கட்டில்காரி தெளிந்துவிட்டாளாம்.

சம்மதப் படிவத்தில் சம்மதிக்க ஒரு கோடு இருக்கிறது, மறுக்க இடமே இல்லை. எனவே அந்தக் கோட்டின் மேலேயே 'மறுக்கிறேன்' என்று எழுதினேன், தினம் ஒன்றாக இருபத்தொரு நாள். மாத்திரை மட்டும் தவறாமல் வந்தது. நோயாளிகளின் புகாரைக் கேட்கும் விசாரணைக் குழுவிடம் முறையிட்டேன். ஆபீஸ் கிளார்க் கோப்போடு வந்தார்.

"கட்டாய சிகிச்சைன்னாதாம்மா குழு கேக்கும். உங்களுது விருப்ப சிகிச்சை. தினமும் கையெழுத்து போட்டிருக்கீங்களே!"

"சார், அதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

"கையெழுத்தை யாரும்மா படிப்பாங்க? கோட்டு மேல இருக்கா, இல்லையா, அவ்வளவுதான்."

ஒருவழியாக வெள்ளிக்கிழமை விசாரணை என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். என்னைச் சேர்த்தபோது ஏழு இடத்தில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டீர்கள். இந்தக் கடிதத்தையாவது படித்துவிட்டு வந்து, 'என் தங்கை மறுக்கிறாள்' என்று ஒரே வரி சொல்லுங்கள்.

அண்ணிக்கு வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசிகள். என் ஆசி செல்லாது என்று எந்தப் படிவத்திலும் போடவில்லை.

இப்படிக்கு,
இன்னும் தெளியாத தங்கை

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இப்போதுதான் புதிதாக ஒரு டாக்டர் பெண் வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்த மாத்திரை உங்களை என்னக்கா பண்ணுது?" என்றாள். இருபத்தொரு நாளில் முதல் கேள்வி! எறும்புகளைப் பற்றிச் சொன்னேன். "பாதியாக் குறைக்கட்டுமா? வேணாம்னா வேணாம்" என்றாள். அந்த 'வேணாம்னா வேணாம்' காதில் விழுந்ததும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். படிவத்தில் அந்தக் கோட்டின் மேல் என் சொந்தப் பெயரையே அழகாகக் கையெழுத்தாகப் போட்டேன். கிளார்க் திருப்பி அனுப்பிவிட்டார்: பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம், மருந்து கிடையாதாம். வேறு வழியில்லாமல் அவர் முன்னாலேயே 'மறுக்கிறேன்' என்று எழுதினேன். "இப்பதாம்மா சரியா இருக்கு" என்றார். அரை மாத்திரை தண்ணீரோடு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள். குழுவிடம் என்ன சொல்வது என்று மட்டும் முதலில் என்னைக் கேளுங்கள்.