சம்பந்தி கையில் காலித் துப்பாக்கி

மிசியோன் வீதி,
புதுச்சேரி.
1958, பொங்கல் கழிந்த திங்கட்கிழமை.

பிரான்சு தேசத்து மார்செய் பட்டணத்தில் இருக்கும் அருமை மாப்பிள்ளை பலராமன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் சக்கரபாணி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அஞ்சலாட்சியும் பெண் அமிர்தவல்லியும் இந்த நிமிஷம் வரை உடம்பில் ஓட்டை எதுவும் இல்லாமல் இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் என் தங்கை செல்வாம்பாளும் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. மரியாதையெல்லாம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை, நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா உத்தியோகத்துக்குக் கப்பல் ஏறும்போது உங்கள் பம்ப் துப்பாக்கியை என்னிடம் கொடுத்து, "மச்சான், சுவத்துல மாட்டி வையுங்க, வீட்டுக்கு ஒரு களையா இருக்கும்"னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கிறதா? நானும் லைசென்சை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு கூடத்துச் சுவரில் மாட்டினேன். களையாகத்தான் இருந்தது. அமிர்தவல்லி வாராவாரம் அதை இறக்கி எண்ணெய் போட்டுத் துடைத்து, முன்கட்டையைக் 'கிளிக் களக்' என்று இழுத்துப் பார்த்துவிட்டு மாட்டுவாள். வீட்டுச் சாமானை இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிற பெண் போகிற இடத்தில் நல்ல பெயர் எடுப்பாள் என்று நானும் மகிழ்ந்துபோயிருந்தேன்.

போன வாரம் அரியாங்குப்பத்து அரிசி மில் கிருஷ்ணசாமி, தன் பிள்ளை ஜானகிராமனை அழைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தார். நல்ல இடம். பையன் தங்கமான பையன், குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அப்பாக்காரர் வேட்டைப் பைத்தியம். வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கியாக மூன்று வைத்திருக்கிறாராம். கேசரியை வாயில் போட்டவர் சுவரைப் பார்த்தார், மெல்லுவதை நிறுத்திவிட்டார். பெண் வந்து நமஸ்காரம் பண்ணியது கூட அவருக்குத் தெரியாது. "சக்கரபாணி, இது பம்ப் ஆச்சே! இந்த மாதிரி பழைய சாமானைத் தொட்டுப் பாக்கணும்னு எத்தினி வருசமா அலையறேன் தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஊசுட்டேரிக்குப் போறோம். உள்ளான் குருவி அடிச்சுட்டு வந்து உங்க வீட்லயே தட்டு மாத்திக்கறோம்" என்றார். பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது ஆகிறது. ஊசுட்டேரி என்ன, உதகமண்டலம் என்றாலும் போயிருப்பேன்.

ஞாயிறு காலை கார் வந்தது. ஜானகிராமன்தான் ஓட்டினான். "ரெண்டு தோட்டா போட்டு வையுங்க, போனதும் சுடலாம்" என்றார் கிருஷ்ணசாமி. கூடத்திலேயே நின்று, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே துப்பாக்கியின் அடிப்பக்கம் வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மாப்பிள்ளை, அது வாங்கிக்கொண்டே இருந்தது. சுபகாரியத்துக்குப் போகிறோம், இரண்டு என்று இரட்டைப்படையில் எதற்கு என்று ஐந்து போட்டுவிட்டேன். காரில் ஏறி அதை அவரிடம் சொல்வதற்குள் அவர் வில்லியனூர்க் கதையை ஆரம்பித்துவிட்டார். அங்கே ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடிந்ததாம். பெண்ணின் அப்பா நாலு பேர் எதிரில், "அது ஆலமரம் இல்லீங்க, அரசமரம்" என்று இவரைத் திருத்தினாராம். அதோடு சரி, எழுந்து வந்துவிட்டாராம். "திருத்தறவங்களோட நமக்கு ஒத்துவராது சக்கரபாணி. உங்களைப் பாத்தா அப்படித் தெரியல" என்று என் தொடையில் தட்டினார். நான் ஐந்தை விழுங்கிவிட்டேன்.

ஏரியில் உள்ளான் இருந்தது. ஆனால் கிருஷ்ணசாமி வாய் ஓயாமல் பேசினார். அவர் பேச்சைக் கேட்டே அத்தனை பறவையும் எழுந்து அக்கரைப் பக்கம் போய்விட்டது. "போனா போவுது. வெள்ளைக்காரன் மண் தட்டை மேலே பறக்கவிட்டுச் சுடுவான், நாமளும் சுடுவோம்" என்றார். பறவை சிக்காவிட்டால் உதவுமே என்று, கார்த்திகைக்கு வாங்கி மிச்சமிருந்த அகல் விளக்குகளை அஞ்சலாட்சிக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தேன். நான்தான் எறிந்தேன். முதல் அகல் தப்பித்துத் தண்ணீரில் விழுந்தது. கட்டையை இழுத்துத் தள்ளினார், வெறும் தோட்டா துள்ளி வெளியே வந்தது. இரண்டாவது அகல் நடு வானத்தில் தூளாகிப் போயிற்று மாப்பிள்ளை! எனக்கே என்னவோ செய்தது. வயசை மறந்து கரையில் குதித்தேன், அவர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்த மருந்து வாசனையும், அந்தக் கிளிக் களக்கும், காலை வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்த மண்ணும்… நீங்கள் ஏன் இதன்மேல் உயிராக இருந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தச் சந்தோஷத்திலேயே அவர் கட்டையை மறுபடி இழுத்துத் தள்ளினார். வெறும் தோட்டா வந்து விழுந்தது. இன்னொரு தரம் இழுத்தார். கட்டை அசையவில்லை. "பாத்தீங்களா, ரெண்டும் தீந்துபோச்சு, தானா பூட்டிக்கிச்சு! நம்ம இரட்டைக்குழல்ல இந்த வசதி இல்ல" என்றார். மூன்றாவது தோட்டா குழலுக்குள் போய்த் தயாராக உட்கார்ந்துகொண்டால்தான் கட்டை அப்படிப் பூட்டிக்கொள்ளும் என்று நீங்கள் எனக்குச் சொன்னது அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது.  சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வில்லியனூர் அரசமரம் கண்ணெதிரே வந்து நின்றது. மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் துப்பாக்கி அவர் மடியில். குழல் முன்சீட்டில் கார் ஓட்டுகிற அவர் பிள்ளையின் பிடரிக்கு நேராக. நான் மெதுவாகக் குழலை ஜன்னல் பக்கம் தள்ளுவேன், அவர் பேச்சு சுவாரசியத்தில் மறுபடி இழுத்துக்கொள்வார். வில்லியனூர் ரோட்டில் எத்தனை பள்ளம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் வீராம்பட்டினத்து அம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தேன். தை மாதக் குளிரில் பையனுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. பாவம், காய்ச்சலோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனிதர் அதைக் கீழே வைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் திரும்புவார், அந்தப் பக்கம் திரும்புவார், குழலும் கூடவே திரும்பும். நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "உக்காருங்க, என்னா சாமி கும்பிடறாப்ல வலம் வர்றீங்க" என்றார். அஞ்சலாட்சி வெற்றிலைப் பாக்குத் தட்டோடு கடிகாரத்துக்குக் கீழே வந்து நின்றாள். "இப்படித்தான் அகலைக் குறி வெச்சேன்" என்று அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கடிகாரத்தைக் குறி பார்த்தார். குழல் மெல்ல இறங்கி அஞ்சலாட்சியின் நெற்றிக்கு வந்தது. ஓரமாக நின்ற ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டான். விரல் விசையில் இருந்தது. மாப்பிள்ளை, முழுப் பலத்தையும் திரட்டி நான் சொன்னது இதுதான்: "காப்பி ஆறுதுங்க."

அப்போது அமிர்தவல்லி உள்ளேயிருந்து வந்தாள். "ஐயா, அசையாதீங்க. விரலை மட்டும் எடுத்துடுங்க. அதுல இன்னும் மூணு இருக்குது. காலையில அப்பா அஞ்சு போட்டதை நான் பாத்தேன். நீங்க சுட்டது ரெண்டுதான்னு இப்பதான் சொன்னீங்க." அவர் விரலை எடுத்தார். அவள் துப்பாக்கியை வாங்கிக் குழலை முற்றத்துப் பக்கம் திருப்பி, விசைக்குப் பக்கத்தில் எதையோ அழுத்தி, மூன்று தரம் இழுத்துத் தள்ளினாள். மூன்று சிவப்புத் தோட்டாக்கள் தரையில் உருண்டன. ஒன்று கிருஷ்ணசாமியின் கால் கட்டைவிரலில் இடித்து நின்றது. "உனக்கு யாருடி இதெல்லாம் சொல்லித் தந்தது?" என்றேன். "பலராமன் மாமாதான். கோயிலுக்குன்னு சொல்லிட்டு ஆத்தங்கரைக்குப் போவோம். மாமா அகல் எறிவாரு, நான் சுடுவேன்" என்றாள். உங்களை நான் அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணசாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தட்டு அப்படியே இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், உடனே அவருக்கு ஒரு தந்தி கொடுங்கள். அந்தத் துப்பாக்கி சாதாரணமாக இரண்டுதான் பிடிக்கும், ஐந்து பிடித்தது அதன் கோளாறு, பட்டாளத்துப் பெரிய பெரிய கப்பித்தேன்கள் கூட அதனிடம் ஏமாந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சொல்தா சொன்னால் நம்புவார். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் எனக்குத் தூக்கமே வராது.

தங்கைக்கு என் ஆசீர்வாதம். உங்கள் இருவருக்கும் அம்மன் அருளால் நீண்ட ஆயுளும், நேராகப் பேசுகிற சம்பந்திகளும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு, உயிர் பிழைத்த மச்சான்,
சக்கரபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. தந்தி வேண்டாம். கிருஷ்ணசாமி கண் கலங்கிப்போய் வந்தார். "என் கையாலயே அந்தம்மாவை… இந்த மாதிரி வாயைத் திறந்து சொல்ற பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும். தட்டைக் கொண்டாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ஜானகிராமன் உள்கதவோரம் நின்ற என் காதில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எனக்கும் தெரியுங்க. ஏரியிலயே கட்டை பூட்டினப்ப தெரிஞ்சுபோச்சு. கார் ஓட்டறப்ப உசுரே இல்ல. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்…" என்ன அடக்கம், அப்படியே என்னைப்போல என்று பூரித்துப்போய்த் தட்டைக் கையில் எடுத்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து அமிர்தவல்லி சொன்னாள்: "அதைக் கீழ வைங்கப்பா. அம்மா நெத்திக்கு நேரா குழல் வந்தப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். அவரு தலை குனிஞ்சுக்கினாரு, நீங்க காப்பியைப் பத்திப் பேசினீங்க. அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு இன்னும் ஆகல."

கார் போய்விட்டது. அஞ்சலாட்சி அதிலிருந்து என்னோடு பேசவில்லை. இதை எழுதும்போது கூடத்தில் கிளிக் களக் என்று சத்தம் கேட்கிறது. இழுப்பது அமிர்தவல்லி இல்லை. அவள் என் எதிரில் ஒரு டம்ளரை வைத்துவிட்டு, "காப்பி ஆறுதுப்பா" என்கிறாள்.