குளத்தாரும் வால் வெட்டுப்பட்ட மீனும்

தன் நிழலையே நிறுத்தி விசாரிக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் குளத்தார் என்போம்.

எண்பத்தாறில் ஜெர்மனியில் எசன் நகரத்துக்கு வெளியே ஓர் அகதி விடுதியில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. பக்கத்தில் ஒரு ஜெர்மன் கிழவருக்குச் சொந்தக் குளம். அதில் பெரிய வாய் கொண்ட அமெரிக்க மீன் வளர்த்தார். தின்பதற்கல்ல, பிடித்து, தராசில் எடை நிறுத்து, படமெடுத்து, திரும்ப விடுவதற்கு. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் முத்திரை விற்ற நம்மவர், தானாகவே போய் அந்தக் குளத்துக்குக் காவலரானார். மீனைப் பற்றி அவருக்கு அதுவரை தெரிந்தது குழம்பு மட்டும்.

சின்ன மீன்கள் பெருகினால் பெரியவற்றுக்குத் தீனி போதாது. ஆகவே சின்னவற்றைப் பிடித்து எங்கள் குசினிக்குக் கொண்டுவருவார். குழம்பு கொதிக்கும்போது மூடியைத் திறந்து தலைகளை எண்ணுவார்.

"இருபது தந்தனான். இதென்ன இருபத்தொண்டு?"

"நீங்கள் பிழையா எண்ணியிருப்பியள், அண்ணை."

"முத்திரை எண்ணின கையடா இது!"

குளத்திலேயே பெரிய மீனுக்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தார். வாலில் ஒரு வெட்டு. காலையில் அதைப் பார்க்காமல் தேநீர் குடிக்கமாட்டார்.

ஒரு வெயில் கிழமை ராசாத்தியைக் காணவில்லை. ஞாயிறு கிழவர் வந்து அதை நிறுப்பார். மீன் இல்லையென்றால் குளத்து வாசலைப் பூட்டிச் சாவியையும் வாங்கிவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார். பூட்டினால் குளத்தாருக்கு விடுதிச் சுவரைப் பார்த்திருப்பதுதான் மிச்சம்.

மீன் வாசம் வருகிறதா என்று எங்கள் கைகளை மணந்து பார்த்தார். தலையணைகளை உதறினார். கரையில் நின்ற கொக்கை மட்டும் விடுதலை செய்தார்: "உதின்ர தொண்டைக்கு அது ஏலாது." பிறகு என்னிடம் வந்தார்.

"நீர் ஏன் ஒண்டும் கதைக்கிறேல்லை?"

"எனக்குக் கதைக்க வராது, அண்ணை."

"அதுதான் எனக்குப் பயம்."

அன்றிலிருந்து கரையோரப் பலகை மேடையில் குந்தியிருந்து நாள் முழுக்க எங்களைக் கண்காணித்தார். அந்தப் பார்வை தாங்காமல் சனிக்கிழமை நான் எதிர்க்கரைக்குப் போனேன். மேடைக்கு அடியில், நிழலில், ஏதோ அசைந்தது. வெட்டு விழுந்த வால்.

பிறந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை.

"அண்ணை! உங்கட காலுக்குக் கீழ!"

குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நீர் எப்பிடிக் கண்டனீர்? எத்தினை நாளாப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

ஞாயிறு ராசாத்தி நிறுக்கப்பட்டாள், படமெடுக்கப்பட்டாள், தண்ணீருக்குள் போனாள். வாசல் பூட்டப்படவில்லை.

அடுத்த மாதம் குளத்தாருடைய அகதி வழக்குக்கு டெர்மின், விசாரணைத் தேதி, வந்தது. போகும்போது குளத்து வாசல் சாவியை என் கையில் வைத்தார். என்னைக் கவனிக்க இரண்டு பேரை ஏற்பாடு செய்தார். அந்த இருவரிடமும் தனித்தனியே மற்றவனைக் கவனிக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மாலையில் வந்ததும் ராசாத்தியைத் தேடிப் பார்த்தார். குசினியில் மூடியைத் திறந்தார். கொக்கையும் முறைத்தார். சாவியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.