ரொட்டியைப் புகழ்ந்த குற்றம்

ஒலொமொட்ஸ்,
ஆகஸ்ட் 21

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ஸெனோன் வில்செக் அவர்களுக்கு,

செக் நாட்டிலிருந்து யாரோமிர் ஹனாக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி லிபுஷெயும் நலம். அங்கு போலந்தில் தாங்களும் தங்கள் தோட்டத்து வாத்துகளும் நலமா? தங்கள் துணைவியார் ஹலினா அம்மையாரின் நலத்தை விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை. சம்பந்தி என்று அழைக்கும் உரிமையாவது மிச்சம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. என் மகன் ரதிம் நேற்று போனில், "அப்பா, கிங்கா அழுதுட்டே இருக்கா. ‘என் ரொட்டியைப் பழசுன்னு சொன்ன வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்’னு அவங்க அம்மா சொல்லிட்டாங்களாம். அம்மா சம்மதம் இல்லாம அவ வரமாட்டா. செப்டம்பர் கல்யாணம் இனி உங்க கையிலதான் இருக்கு" என்றான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அடுப்பில் போடவும்.

நான் முப்பத்து நான்கு வருடம் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவன். என் வார்த்தையை நம்பி எவரும் தவறான ரயிலில் ஏறியது கிடையாது. அந்தத் திமிர்தான் இவ்வளவுக்கும் காரணம் என்கிறாள் லிபுஷெ. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதற்காக, ஹங்கேரியில் பாலடோன் ஏரியில் நான்கு நாள் குளித்துவிட்டு, ஸ்லோவாக்கியா மலைகளில் ஏறி இறங்கி, கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்டுவிட்டுத் திரும்புவது என்று திட்டம். லிபுஷெ வழக்கம்போல, ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த இறைச்சியை முப்பது துண்டு டப்பாவில் அடுக்கினாள். "ஏரிக்கரையில கடையே இருக்காதா?" என்றேன். "இருக்கும். ஆனா அவன் வறுக்கிறதெல்லாம் வறுவலா?" என்றாள். எங்கள் ஊரில் இதற்கு மேல் எந்தப் புருஷனும் வாதாட மாட்டான். ஹங்கேரியில் ஒரு வார்த்தை புரியவில்லை. பலகை புரியவில்லை, போலீஸ்காரர் திட்டியதும் புரியவில்லை. எல்லாவற்றையும் கையைக் காட்டிக் காட்டியே கேட்டோம். நான்கு நாளும் யாரோடும் ஒரு சச்சரவு இல்லை. சம்பந்தி, புரியாத மொழியால் நான் கெட்டதில்லை. கெட்டதெல்லாம் புரிந்த மொழியால்தான்.

உங்கள் எல்லையைத் தாண்டியதும் எனக்கு எல்லாப் பலகையும் புரிய ஆரம்பித்துவிட்டது. உங்கள் மொழியும் எங்கள் மொழியும் பங்காளிகள்தானே. "பாத்தியா, நம்ம பாஷைதான். கொஞ்சம் சளி பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று லிபுஷெயிடம் சொன்னேன் (மன்னிக்கவும், அப்போது அப்படித்தான் சொன்னேன்). பெண் கேட்கப் போகிற வீட்டுக்குள் வறுவல் வாசனையோடு நுழையக் கூடாது என்று, டப்பாவில் மீதியிருந்த மூன்று துண்டையும் நானே தின்று தீர்த்தேன். ஐந்து நாள் வெயில் பார்த்த துண்டுகள். நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெய்வம்போல எதிரே ஒரு பலகை: ‘டார்னூவ் ஸாஹோத்’. எங்கள் மொழியில் ஸாஹோத் என்றால் கழிப்பறை. கழிப்பறைக்கென்றே நெடுஞ்சாலையிலிருந்து தனியாக ஒரு கிளைச்சாலை பிரித்து, இவ்வளவு பெரிய பலகையும் வைத்திருக்கிற நாட்டை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால் சாலைதான் இருக்கிறது, அறையைக் காணோம். சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை நிறுத்தி, "ஐயா, ஸாஹோத் எங்க இருக்கு?" என்றேன். அவர் சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டி எதிரே இருந்த மக்காச்சோளக் காட்டைக் காட்டினார். "அவ்வளவு பெரிசா?" என்றேன். "அதுக்கு ஏதுங்க எல்லை" என்றார். போனேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். உங்கள் மொழியில் ஸாஹோத் என்றால் மேற்கு, சூரியன் மறைவதற்கும் அதே சொல்தான், பலகை காட்டியது டார்னூவ் ஊரின் மேற்குப் பக்க வழி என்பதெல்லாம் ரதிம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்து பார்த்தால் காரின் பின்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. அதைத் தூக்கி எடுப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

ஏன் தாமதம் என்று வாசலிலேயே அன்போடு கேட்டீர்கள். சம்பந்தம் பேச வந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று, "ஸாஹோத் தேடிட்டு இருந்தோம்" என்றேன். உங்கள் முகம் மலர்ந்துவிட்டது. "நாப்பது வருஷத்துக்கு அப்புறமும் ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்றீர்கள். "சேர்ந்து எங்க? அவ கார்லயே உக்காந்துட்டா, நான் மட்டும்தான் போனேன்" என்றேன். ஹலினா அம்மையார் லிபுஷெயைப் பார்த்த பார்வையில் எத்தனை இரக்கம். அதற்குள் வயிறு மறுபடி எழுந்துவிட்டது. உங்கள் காதோரம், "வீட்டுல ஸாஹோத் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்துப் பின்தோட்டத்துக்குக் கூட்டிப்போய், நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து, "இங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்" என்று நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். இந்த ஊரில் வீட்டுக்காரரும் கூடவே உட்கார்வது வழக்கமோ என்று நான் வாத்துகளைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். லிபுஷெ ஓடிவந்து, "டாய்லெட்னு சொல்லித் தொலைங்களேன்" என்று கத்தியிருக்காவிட்டால் இந்தச் சம்பந்தம் அன்று அந்த நாற்காலியிலேயே முடிந்திருக்கும்.

இனி ரொட்டி விஷயம். உயிர் பிழைத்து வந்து உட்கார்ந்தவனுக்கு, ஹலினா அம்மையார் அன்று காலைதான் சுட்ட ரொட்டியை வெட்டி வைத்தார். வெண்ணெய் தடவி வாயில் வைத்ததும் கரைந்தது. எங்கள் மொழியில் புதுசாகச் சுட்டதற்குச் செர்ஸ்த்வி என்று பெயர். அதைத்தான் சொன்னேன். அம்மையார் கத்தியைக் கீழே வைத்தார். பாவம், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னேன். என் குரல் நான்கு நடைமேடைக்குக் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "இவ்வளவு செர்ஸ்த்வியான ரொட்டியை என் ஜென்மத்துல தின்னதில்லம்மா. கல்யாணத்துக்கும் இதே மாதிரிதான் வேணும்" என்றேன். அவர் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அது வாத்துகளுக்கு முன்னால் கிடந்தது. உங்கள் மொழியில் செர்ஸ்த்வி என்றால் காய்ந்துபோன பழைய ரொட்டியாம். முப்பத்து நான்கு வருடம் வார்த்தையால் பிழைத்தவன், ஒரே வார்த்தையால் என் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன்.

சம்பந்தி, மறைக்காமல் சொல்கிறேன். கிங்கா எங்கள் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்த பிறகுதான் ரதிம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறான். அவள் என்னோடு சரிக்குச் சரி சண்டை போடுவாள். எனக்கு அவள் வேண்டும். என் பிள்ளைக்கு என் வாய் வாய்க்கவில்லை, அவன் அம்மாவின் நிதானம்தான் வாய்த்திருக்கிறது. இனி உங்கள் வீட்டில் நான் வாய் திறக்க மாட்டேன். ஹங்கேரியில் இருந்ததுபோல எல்லாவற்றையும் கையாலேயே காட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் மாவும் மகிழ்ச்சியும் குறையாதிருக்கட்டும். வாத்துகளுக்கு என் விசாரிப்பு.

தலைகுனிந்து,
யாரோமிர் ஹனாக்

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது தபால்காரர் ஒரு பார்சல் கொண்டுவந்தார். ஹலினா அம்மையார் அனுப்பிய ரொட்டி. கூடவே, அம்மையார் சொல்லச் சொல்லக் கிங்கா எங்கள் மொழியில் எழுதிய ஒரு சீட்டு: "நீங்க கிளம்பின மறுநாளே பொண்ணு விளக்கம் சொல்லிட்டா. அன்னிக்கு ஆரம்பிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல. அவ அழுததும் நான் சொல்லிக்கொடுத்த அழுகைதான், நீங்க கொஞ்சம் வாயை அடக்கணும்னு. உங்களுக்காகவே இதைப் பத்து நாள் காய வச்சு அனுப்பியிருக்கேன். கல்யாணத்துக்கும் இதே மாதிரிதானே கேட்டீங்க?" லிபுஷெ சிரித்துக்கொண்டே ரம்பம் எடுக்கப் போயிருக்கிறாள். நான் பொறுக்காமல் ஒரு துண்டு கடித்துப் பார்த்ததில் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு அத்தனையும் வாபஸ். அம்மையாரிடம் சொல்லிவிடுங்கள்: ரொட்டி செர்ஸ்த்வி. இந்த முறை உங்கள் மொழியில்.