நத்தையைச் சாகவிடு, தம்பி

பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் பையன் கேம் பண்ற கம்பெனியில பெரிய ஆளு" என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகும் என் அருமைத் தம்பிக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் ஒருத்தியைத் தவிர எல்லாரும் சுகம். நீயும் சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நீ சுகமாக இருந்தால் அது என் எழுத்தின் குறை என்பதால் அதைக் கேட்காமல் விடுகிறேன். போனிலேயே திட்டித் தீர்த்திருப்பேன். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசுவதற்குள் இந்த வீட்டில் யாராவது கூப்பிடுவார்கள், நீயும் "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று நழுவிவிடுவாய். அதனால்தான் காகிதம்.

போன தடவை வந்திருந்தபோது என் போனை வாங்கி, நீயே உருவாக்கிய விளையாட்டு என்று சொல்லி அந்த நத்தையை ஏற்றிக் கொடுத்தாயே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன். "அக்கா, இது உனக்காகவே பண்ணது. கட்டைவிரலை வெச்சா நத்தை நகரும். எடுத்தா ஓட்டுக்குள்ள போயிடும். எந்த நிமிஷத்துல வேணும்னாலும் விட்டுட்டுப் போகலாம், ஒண்ணுமே ஆகாது" என்றாய். விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்தச் சுவரில் அது ஏறுகிற அழகும், காக்கை நிழல் விழும்போது கொம்பை உள்ளே இழுத்துக்கொள்வதும், இலை நுனியில் இருக்கும் பனித்துளியை எட்டிப் பிடிப்பதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கில், ஒருவர் உள்ளே போய் அடுத்தவர் வருவதற்குள் அரை முழம் சுவர் ஏறிவிடுவேன். வாய் மரத்துப்போனவர்கள் வந்து அடுத்த வாரம் எப்போது வரட்டும் என்று குழறிக் கேட்கும்போது விரலை எடுத்துவிட்டு, அவர்கள் சொல்வது செவ்வாயா வெள்ளியா என்று கண்டுபிடித்து எழுதிக்கொண்டு, மறுபடியும் விரலை வைப்பேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் எங்கள் டாக்டரம்மா அதே விளையாட்டைத் தன் போனில் ஏற்றி, முதல் பக்கத்தில் நீ போட்டிருந்த சமர்ப்பணத்தை, ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போதே சத்தமாகப் படித்தார். "ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்காத என் அக்காவுக்கு." படித்துவிட்டு, "இது உங்க தம்பிதானே? எவ்வளவு பாசம் பாருங்க" என்றார். படுத்திருந்தவர் வாயை மூட முடியாமல் கண்ணாலேயே என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். உன் பாசத்தால் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

இனி வீட்டுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர், அதாவது உன் மாமா, சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டி உட்கார்ந்து கால்பந்து ஆடுவது உனக்குத் தெரியும். அது முகம் தெரியாத ஆட்கள் ஏதேதோ நாட்டிலிருந்து சேர்ந்து ஆடுகிற ஆட்டமாம். நடுவில் நிறுத்தவே முடியாதாம். ஒருவர் எழுந்தால் மொத்த டீமும் தோற்றுவிடுமாம், தோற்றால் அவர்கள் எல்லாரும் அவர் காதிலேயே கத்துவார்களாம். காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு அறுவைசிகிச்சை நிபுணரைப் போல உட்கார்ந்திருப்பார். "அப்பா மேட்ச்ல இருக்காரு" என்று உன் மருமகள் சொல்லிவிட்டால் போதும், அவர் இருக்கும் பக்கம் ஒரு ஈகூட அசையாது. அப்படியென்றால் பால் பொங்கினால் யார் எழுந்திருக்க வேண்டும்? காலிங் பெல் அடித்தால்? துவைக்கிற மெஷின் நடுக்கம் வந்ததுபோல் குதித்தால்? அதே சோபாவின் மறுமுனையில் நானும் ஒரு விளையாட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என்னுடையதை நிறுத்தலாமே. என் மாமனார் கண்ணாடியைக் காணோம் என்று வருவார். எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்பார். மகனைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒரு நீதிபதியைப் போல யோசிப்பார். பிறகு என்னிடம் குனிந்து, "ஏம்மா, உன்னது நத்தைதானே? உள்ள போயிடும்ல? கொஞ்சம் வந்து தேடிக் குடேன்" என்பார். மகள் கணக்குப் புத்தகத்தோடு வந்தால் நேராக என் கட்டைவிரலையே பிடித்துத் தூக்கிவிடுகிறாள். கூப்பிடுவதுகூட இல்லை. லைட் சுவிட்சை அணைப்பதுபோல என்னை அணைக்கிறார்கள். முன்பெல்லாம் வேலையாக இருந்தால் "வேலையா இருக்கியா?" என்று ஒரு வார்த்தையாவது கேட்பார்கள். நீ அந்த நத்தையைக் கொடுத்த பிறகு அந்த ஒரு வார்த்தையும் போயிற்று.

உன் மாமாவிடம் நியாயம் கேட்டுப் பார்த்தேன். "நீங்களும் ஒரு தடவை எழுந்திரிச்சா என்னங்க?" என்றேன். ஹெட்போனில் ஒரு காதை மட்டும் விலக்கி, "எனக்கு மட்டும் ஆசையா? இதை நிறுத்த முடியாதே. உன்னதை நிறுத்தலாம்ல" என்றார். "நிறுத்த முடியாததை ஏன் ஆடணும்?" என்றேன். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "மச்சான் உனக்குன்னு எவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்கான் பாரு. எனக்கு அப்படி யாரு பண்ணிக் குடுத்தா?" என்று பெருமூச்சு விட்டு ஹெட்போனை மறுபடியும் மாட்டிக்கொண்டார். அதாவது, பரிதாபத்துக்குரியவர் அவர். வசதியானவள் நான்.

அதனால் பொய் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "தம்பி விளையாட்டை மாத்திட்டான். இனிமே நடுவுல விரலை எடுத்தா நத்தை செத்துடும். முதல்லேர்ந்து ஏறணும்" என்றேன். மாமனார் "அடப்பாவமே" என்றார். மகள் "செத்துடுச்சுன்னா அழுமா?" என்றாள். உன் மாமா, தொழில் தெரிந்த ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த வாரம் இந்த வீட்டில் நடந்தவற்றை நீ பார்த்திருக்க வேண்டும். மாமனார் தன் கண்ணாடியைத் தானே தேடினார், அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. மகள் கணக்கைத் தானே போட்டுத் தப்பாகவே எழுதிக்கொண்டு போனாள், அங்கே டீச்சர் திருத்தினார்கள், அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள். காலிங் பெல் அடித்தபோது உன் மாமா கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்சலை வாங்கிவிட்டு ஓடிவந்தார். எந்த டீமும் தோற்கவில்லை, யாரும் கத்தவில்லை. நான் படுக்கையறையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு நத்தையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சாயங்காலம், இருட்டிக்கொண்டு வந்ததைக்கூட நான் பார்க்கவில்லை, தம்பி. நத்தை சுவர் உச்சிக்குப் போனபோது நீ அங்கே வரைந்து வைத்திருக்கும் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. இவ்வளவு நாள் அதை நான் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடாமல் ஒரு காரியத்தைத் தொடங்கி முடிவு வரைக்கும் போனது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அழுகை வரும்போல இருந்தது. விரலை எடுக்கக் கூடாதே என்று அழவில்லை.

சனிக்கிழமை சமையலறைக் குழாயை மாற்ற பிளம்பர் வந்தார். நான் நிறுத்த முடியாத ஆட்டத்தில் இருந்தேன் என்பதால் அவரைக் கவனிக்கும் பொறுப்பு உன் மாமாவிடம் போயிற்று. அவரும் மேட்ச்சில்தான் இருந்தார். "சார், மெயின் வால்வை மூடிடுங்க" என்று பிளம்பர் சொல்ல, இவர் ஓடிப்போய், குளியலறைப் பக்கம் முதலில் கைக்குப் பட்ட துவைக்கிற மெஷினின் குழாயை இறுக்கி மூடிவிட்டு, "மூடியாச்சு" என்று சொல்லிச் சோபாவுக்குத் திரும்பிவிட்டார். பிளம்பரும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கழற்றியிருக்கலாம், இவரை நம்பிக் கழற்றிவிட்டார். தண்ணீர் அவர் முகத்தில் அடித்து, கூரையைத் தொட்டு, அரிசி டப்பா, மாவு டப்பா, மகளின் புத்தகப்பை எல்லாவற்றையும் குளிப்பாட்டியது. அவர் குழாய் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு "சார், மெயினை மூடுங்க, மெயினு" என்று கூவ, இவர் ஹெட்போனுக்குள்ளிருந்து "மூடியாச்சுன்னு சொன்னேன்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமனார் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு உன் மருமகளை என்னிடம் தூது அனுப்பியிருக்கிறார். அவள் கதவோரம் நின்று ரகசியக் குரலில், "அம்மா, உன்னைக் கூப்பிடலாமான்னு தாத்தா கேக்கச் சொன்னாரு" என்றாள். நத்தை அப்போது ஒரு முள்செடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. "இப்ப வேண்டாம்டா" என்றேன். "சரிம்மா" என்று போய்விட்டாள். எவ்வளவு மரியாதையான குழந்தை. அந்த மரியாதை எனக்கு ஒரு வீட்டையே முழுக வைத்துத்தான் கிடைத்தது.

பாதம் சில்லென்று ஆனபோதுதான் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து என் செருப்பு மிதந்து வந்துகொண்டிருந்தது. ஓடினேன், மெயினை மூடினேன், தண்ணீர் நின்றது. எல்லாரும் நனைந்த கோழிகளாகச் சமையலறையில் நின்றோம். என் கையில் போன். விரலை எடுத்திருந்தேன். எடுத்ததும் உன் நத்தை சமர்த்தாக ஓட்டுக்குள் போயிருந்தது. அது போதாதென்று நீ வைத்திருக்கும் அந்தத் தாலாட்டு இசை வேறு கிளம்பியது. பிளம்பர் சட்டையைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்த்து, "அவசரமில்லை, நீங்கள் வரும்வரை நத்தை காத்திருக்கும்னு போட்டிருக்கே அக்கா" என்று படித்துக் காட்டினார். நல்ல தமிழில், அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாய், கண் சரியாகத் தெரியாத மாமனாரே கண்ணாடி இல்லாமல் படித்தார். "சாகலையே" என்றாள் மகள். உன் மாமா முதல் தடவையாக ஹெட்போனை முழுசாகக் கழற்றினார். "நிறுத்த முடியாதுன்னியே" என்றார். தப்புக் குழாயை மூடியவர் அவர். மூடிவிட்டேன் என்று சொன்னவர் அவர். ஆனால் அந்தச் சமையலறையில் குற்றவாளியாக நின்றவள் நான். அன்றிலிருந்து பழையபடி மகள் வந்து விரலைத் தூக்குகிறாள், கூடவே "செத்துடுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

இப்போது உனக்கு நான் சொல்வதைக் கவனமாகக் கேள். எனக்குக் கிடைக்கும் துண்டுதுக்காணி நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி அளவெடுத்து ஒரு விளையாட்டைத் தைத்துக் கொடுத்தாயே, என் நேரத்தை யார் துண்டாக்குகிறார்கள் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? நத்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே சாயங்காலம், நான் முதல் செங்கல்லைத் தாண்டுவதற்குள் "அக்கா, என் சார்ஜர் எங்க?" என்று கூப்பிட்டவன் நீதான். அது உன் பையிலேயே இருந்தது. அதனால் உடனடியாக அந்த விளையாட்டை மாற்று. காத்திருக்கும் என்ற வாசகத்தை எடு. தாலாட்டை எடு. விரலை எடுத்தால் நத்தை சாக வேண்டும், சும்மா இல்லை, வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கதறிச் சாக வேண்டும். முடிந்தால் வெளிநாட்டில் நாலு பேரை என்னோடு கட்டிவிடு, நான் எழுந்தால் அவர்களும் சுவரிலிருந்து விழட்டும். நான் எழுந்தால் யாருக்காவது ஏதாவது நஷ்டமாக வேண்டும், தம்பி. நான் கேட்பது அவ்வளவுதான். செய்யாவிட்டால் அந்தச் சமர்ப்பணத்திலிருந்து என்னை எடுத்துவிட்டு உன் மாமாவின் பெயரைப் போட்டுக்கொள், அவருக்குத்தான் அதனால் லாபம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, நாற்காலியில் கூன் போட்டு உட்காராதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நான் திட்டி முடிக்க அவ்வளவு காலம் ஆகும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒன்று நடந்துவிட்டது. உன் மாமாவின் விளையாட்டுப் பெட்டிக்குள் அன்றைக்குத் தண்ணீர் போயிருக்கிறது, ரிப்பேருக்குக் கொடுத்தோம். பொழுது போகாமல் அவர் உன் நத்தையைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். இப்போது நான் கூப்பிட்டால் "இதோ, உள்ள போயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வருகிறார், பாலை இறக்குகிறார், கண்ணாடி தேடுகிறார். "மச்சான் மனுஷங்களைப் புரிஞ்சவன்" என்று உன்னைப் புகழ்கிறார். ஆகையால் மேலே எழுதியதில் ஒரு வரியையும் பொருட்படுத்தாதே, விளையாட்டில் எதையும் மாற்றிவிடாதே, அந்த வாசகத்தை இன்னும் பெரிய எழுத்தில் போடு. பெட்டி ரிப்பேராகி நேற்றே வந்துவிட்டது. அவர் நத்தையை விடுவதாக இல்லை, அதனால் கால்பந்தை நான் எடுத்துக்கொண்டேன், எனக்குக் கோல்கீப்பர் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சாயங்காலம் போன் செய், உன் மாமா எடுப்பார். நான் மேட்ச்சில் இருப்பேன், நடுவில் எழுந்திருக்க முடியாது.